கடைச் சாப்பாடு: இங்கே என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டுச் சென்ற பல குடும்பங்கள் வன்னியிலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஹட்டன், நுவரெலியாக் கடைகளின் சாப்பாடு புதிது. வீட்டில் அடுப்பு மூட்டும் வரை சில நாட்கள் பார்சலையே நம்பியிருக்க நேரலாம். அப்போது பின்வருவன உதவும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

தமிழ்நாட்டில் டீ கேட்டால் பாலுடன் வரும். இங்கே ‘பிளேன்டி’ என்றால் பால் இல்லாத தேநீர். பால் தேநீரைப் பெரும்பாலும் பால்மாவில் போடுவார்கள். அங்கே ‘கறி’ என்றால் இறைச்சி. இங்கே பருப்பும் கிழங்கும்கூடக் கறிதான். மச்சம் சாப்பிடாதவர்கள் ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேளுங்கள். வன்னியில் பழகிய இடியப்பமும் தோசையும் இங்கே சைவக் கடைகளில் கிடைக்கும். தோட்டத்து ரொட்டியோ கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துத் தடிப்பாகச் சுடுவது.

கேட்டு வாங்குங்கள்

• தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சீனிச் சம்பல் ஆகியவற்றில் பல கடைகளில் மாசி சேர்ப்பார்கள்.
• மரக்கறிக் கொத்தையும் இறைச்சிக் கொத்தையும் ஒரே கல்லில் கொத்துவதுண்டு. விரதகாரர் முன்பே விசாரிப்பது நல்லது.
• பேக்கரியில் ரோல்ஸ், கட்லட், பணிஸ் எல்லாம் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். உள்ளே என்னவென்று கேளுங்கள். சிங்களத்தில் மாலு என்றால் மீன், எளவளு மரக்கறி, பித்தர முட்டை, குகுல் மஸ் கோழி இறைச்சி, ஹரக் மஸ் மாட்டிறைச்சி.

பார்சலைக் கவனமாக வைத்திருங்கள்

நகரத்தில் வாங்கிய பார்சல் பஸ்ஸில் தோட்டம் வந்துசேர நேரமாகும். சமைத்த உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். குளிரான இடம் என்றாலும் இதே விதிதான். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோனால் சூடான சாப்பாட்டை அதிலேயே வாங்கலாம். பழுதடைந்த உணவு விற்கப்பட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள்.

பிள்ளைகளுக்கு எது போதும்?

2016 ஆம் ஆண்டின் தேசிய கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதிகளில் இது சுமார் 32. ரொட்டியும் தேநீரும் பசியை ஆற்றும். பிள்ளை வளர அவை மட்டும் போதா. ரோல்ஸ் வாங்கும் காசில் ஒரு முட்டையோ கொஞ்சம் பருப்போ வாங்க முடியுமா என்று பாருங்கள். சோற்றுப் பார்சல் வாங்கினால் பருப்பும் கீரையும் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம்.

வந்த முதல் வாரத்திலேயே தோட்டத்துக்குப் பொறுப்பான குடும்ப நல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளையும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பதிவுசெய்யுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்ப்பதும், தகுதியுள்ளவர்களுக்குத் திரிபோஷ கிடைக்க வழிசெய்வதும் அவர்தான்.