விடுவித்த நினைவகமும் விலகாத சுட்டியும்

சாதாரணச் செயலி ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டால், இயக்குதளத்தின் உட்கருவான கெர்னல் அதை உடனே நிறுத்திவிடும். கெர்னலே அவ்வாறு தவறும்போது அதைத் தடுக்க அதற்கு மேல் காவல் இல்லை.

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகக் கையாள்கிறது. எனினும் அதற்கு அடிக்கடி தேவைப்படுபவை சில பத்து அல்லது சில நூறு பைட் அளவுள்ள சிறு துண்டுகளே என்பதால், பக்கங்களைச் சம அளவுத் துண்டுகளாகப் பகுத்துவைத்து, ஒருவர் திருப்பித் தந்ததை அடுத்துக் கேட்பவருக்கு வழங்கும் 'ஸ்லாப்' முறை பயன்படுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜெஃப் பான்விக் 1994-இல் விவரித்த முறை இது.

வாங்கிய துண்டைத் திருப்பித் தராத கசிவும், துண்டின் எல்லையைத் தாண்டி எழுதும் மீறலும் தொல்லை தருபவையே. ஆயினும் மிகக் கொடியது, விடுவித்த துண்டை மீண்டும் பயன்படுத்தும் பிழை. ஒரு வன்பொருள் இயக்கி துண்டைத் திருப்பித் தந்த பிறகும் அதன் முகவரியைக் குறிக்கும் சுட்டியைத் தன்னிடம் வைத்திருக்க, அதே துண்டு கோப்பு முறைமைக்கு வழங்கப்பட்ட பின் இயக்கி பழைய சுட்டி வழியாக அதில் எழுதினால், நிலைகுலைவது கோப்பு முறைமை. பிழையறிக்கையில் இடம்பெறுவதும் அதன் பெயர்தான். அடிபட்டவனையே குற்றவாளியாகக் காட்டும் இந்த அறிக்கையை அப்படியே நம்பித் திருத்தத் தொடங்குபவர் பல நாட்களை வீணாக்குவார்.

பழைய உத்தி ஒன்று, விடுவித்த துண்டின் பைட்டுகளில் 107 என்ற எண்ணை நிரப்பிவைப்பது. 'நஞ்சூட்டல்' எனப்படும் இதில், துண்டை மறுபடி வழங்கும் வேளையில் எண் மாறியிருந்தால் இடையில் யாரோ எழுதியது தெரியும், எழுதியவர் யார் என்பது தெரியாது. அதைக் காட்டித்தரும் 'கேசன்' என்னும் கருவி 2015-இல் லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட்டை ஒதுக்கி, எந்த இடத்தைத் தொடலாம் என்பதை அதில் குறித்துவைக்க, நினைவகத்தைத் தொடும் கட்டளைகளுக்கு முன் அக்குறிப்பைப் பார்க்கும் சோதனையை நிரல்பெயர்ப்பி சேர்த்துவிடுகிறது. விடுவித்த துண்டைச் சிறிது காலம் யாருக்கும் வழங்காமல் ஒதுக்கிவைப்பதால், தொட்டவர், முதலில் வாங்கியவர், விடுவித்தவர் ஆகிய மூவரின் தடமும் ஒரே அறிக்கையில் கிடைக்கிறது. நினைவகத்தில் எட்டிலொரு பங்கு நிழலுக்கே போய், வேகமும் குறைவதால் இது சோதனைக் கணினிகளுக்கே ஏற்றது. பயன்பாட்டில் உள்ள கணினிகளுக்கென 2021-இல் 5.12 பதிப்பில் வந்த 'கேஃபென்ஸ்', சில ஒதுக்கீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்துக் கண்காணிக்கிறது.

தடம் கிடைத்த பின்னும் திருத்தம் எளிதன்று. விடுவித்ததும் சுட்டியை வெறுமையாக்குவது போதுமானதாகத் தோன்றினாலும், அதன் நகலை வேறொரு பகுதி வைத்திருந்தால் பிழை அப்படியே நிற்கும். ஆகவே துண்டைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, கடைசி ஆள் விலகிய பிறகே விடுவிக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. துண்டைத் தொடும் கடிகார நிகழ்வு ஒன்று காத்திருக்குமானால் அதை முதலில் ரத்துசெய்து, ஏற்கெனவே வேறொரு செயலகத்தில் ஓடத் தொடங்கியிருப்பின் அது முடியும்வரை காத்திருந்து, அதன் பின்னரே துண்டை விடுவிக்க வேண்டும். தவறியிருந்த இவ்வரிசையைச் சரிசெய்த ஒற்றை வரித் திருத்தங்கள் கெர்னலின் வரலாற்றில் ஏராளம்.