நம் கடையில் நிற்கும் நம் நாட்டுக்காரர்

வணிகப் பெருமக்கள் ஊர்ப் பெயர்களை மறப்பதில்லை. சீரகம் என்றால் குஜராத்தில் ஊஞ்சா, துவரம்பருப்பு என்றால் கர்நாடகத்தில் குல்பர்கா, மல்லி என்றால் ராஜஸ்தானில் ராம்கஞ்ச் மண்டி, மிளகாய் என்றால் ஆந்திராவில் குண்டூர், கூட்டுப் பெருங்காயம் என்றால் உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ். எந்த ஊரில் மழை தப்பினால் எந்தச் சரக்கு ஏறும் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியவர்கள் நம் உறுப்பினர்கள்.

ஆனால் அந்த மூட்டையை லாரியிலிருந்து இறக்கி, கிட்டங்கியில் அடுக்கும் இளைஞர் எந்த ஊர்க்காரர்? கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். "வடக்கத்திப் பையன்", "ஹிந்திக்காரர்" என்பதோடு பதில் முடிந்துவிடும். சரக்கின் ஊர் தெரிகிறது, ஆளின் ஊர் தெரிவதில்லை.

இந்த இதழுக்காக நாம் ஒரு சிறு முயற்சி செய்தோம். சென்னையில் மளிகை மொத்தக்கடை நடத்தும் உறுப்பினர் ஒருவரின் அனுமதியுடன், அங்கு ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பீகார் இளைஞரை வியாபாரம் ஓய்ந்த பிற்பகலில் சந்தித்தோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தமிழ் சரளமாகப் பேசுகிறார். ஒரு மணி நேரப் பேச்சில் நம் நாட்டைப் பற்றி நாம் அறிந்துகொண்டவற்றை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தாய்மொழி ஹிந்தி அல்ல

முதல் கேள்வியே ஊரும் மொழியும்தான். ஊர் வட பீகாரில் மாதேபுரா மாவட்டத்துக் கிராமம். சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு இரவு பயணம் செய்து பாட்னா பக்கம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயிலும் பஸ்ஸும் பிடிக்க வேண்டும். வீட்டில் பேசுவது ஹிந்தி அல்ல, மைதிலி. ஹிந்தியைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாராம்.

மைதிலி பழைய இலக்கியம் உள்ள மொழி. தனக்கென்று எழுத்தும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நம் தமிழ் இருக்கும் அதே அட்டவணைதான். பீகாரிலேயே மேற்குப் பக்கம் போஜ்புரி, கயா பக்கம் மகஹி. ஒரே கடையில் மூன்று பீகார் இளைஞர்கள் இருந்தால், மூவருக்கும் மூன்று தாய்மொழி இருக்கக்கூடும். அவர்கள் தங்களுக்குள் பேசும் ஹிந்தியும் ஒரு பொது மொழிதான்.

கோசி ஆறு

ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டோம். ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: கோசி.

கோசி இமயத்தில் பிறந்து, நேபாளம் வழியாக பீகாரில் இறங்கிக் கங்கையில் சேரும் ஆறு. மலையிலிருந்து ஏராளமான மணலையும் வண்டலையும் வாரிக்கொண்டு வரும். அதனால் படுகை மேடேறி, ஆறு இடம் மாறும். சுமார் இருநூறு ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்த ஆறு அது. 'பீகாரின் துயரம்' என்று பெயர். 1954-இல் நேபாளத்துடன் ஒப்பந்தம் செய்து, பின்னர் அணைக்கட்டும் இரு கரைகளிலும் நீண்ட கரையணைகளும் கட்டினார்கள்.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடத்தில் பாய்ந்தது. சுபௌல், மாதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். நம் இளைஞருக்கு அப்போது எட்டு வயது. பல வாரங்கள் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, நெல் விளைந்த வயலில் மணல் மேடாகக் கிடந்ததாம். தந்தை பஞ்சாபுக்கு அறுவடைக் கூலியாகப் போனார். மகன் வளர்ந்ததும் தெற்கே வந்தார்.

வாடகை செய்த வேலை

வெள்ளம் மட்டுமா காரணம் என்று மேலும் விசாரித்தபோது, வியாபாரிகளுக்கு எளிதில் புரியும் ஒரு கணக்கு கிடைத்தது.

பீகார் 2000 நவம்பர் 15-ஆம் தேதி வரை ஜார்க்கண்டையும் சேர்ந்த மாநிலம். ஜாம்ஷெட்பூர் உருக்காலை இருந்ததும் அன்றைய பீகாரில்தான். இரும்புச் சுரங்கம் பக்கத்தில், உருக்கு பக்கத்தில் என்றால் தொழிற்சாலைகள் அங்கேதானே குவிய வேண்டும்? 1950-களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை அந்த வாய்ப்பைக் குறைத்துவிட்டது. உருக்கு, சிமெண்டு போன்ற சரக்குகள் நாடு முழுவதும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி போக்குவரத்துச் செலவு சமப்படுத்தப்பட்டது. ஊஞ்சாவிலும் சென்னையிலும் சீரகம் ஒரே விலை என்றால், ஊஞ்சாவில் ஆலை வைக்க யார் போவார்கள்? அதுபோலத் துறைமுகமும் சந்தையும் உள்ள கடற்கரை மாநிலங்களுக்குத் தொழில்கள் நகர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் உருக்குக்கு இந்தக் கொள்கை கைவிடப்பட்டது. கிழக்கு மாநிலங்கள் பின்தங்கியதற்கு இதையும் ஒரு காரணமாகப் பொருளாதார அறிஞர்கள் சொல்கிறார்கள்.

நம் மாநிலத் தொழில் வளர்ச்சிக்கு நம் உழைப்பும் திறமையும் காரணம் என்பதில் சந்தேகமில்லை. அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், வேலை தேடி வருபவர்களைச் சோம்பேறி மாநிலத்தார் என்று சொல்ல நாக்கு எழாது.

மக்கானா தாமரை விதை அல்ல

இப்போது பல கடைகளில் விற்கும் மக்கானாவைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாட்டின் மக்கானாவில் மிகப் பெரும்பங்கு பீகாரில், குறிப்பாக மிதிலைப் பகுதியில் விளைகிறது. பல கடைகளில் 'தாமரை விதை' என்று எழுதி வைக்கிறார்கள். அது தாமரை அல்ல. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள்ளாக இருக்கும் வேறொரு நீர்ச்செடி. வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்வது நம் கடமை.

பழுத்த காய் வெடித்து, விதைகள் குளத்தின் அடிச்சேற்றில் போய்த் தங்கும். அவற்றை ஆட்கள் மூழ்கி வாரி எடுக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து, சல்லடையில் அளவு பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, சில நாள் வைத்திருந்து மறுபடி வறுத்து, சூடு ஆறுமுன் மரக்கட்டையால் அடித்தால்தான் கருப்பு விதை வெள்ளைப் பொரியாகும். ஏன் இந்த விலை என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. 'மிதிலா மக்கானா' 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2025-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் மக்கானாவுக்குத் தனி வாரியமும் அறிவிக்கப்பட்டது.

அவருக்கும் ஓர் ஆச்சரியம் உண்டாம். ஊரில் விரத நாட்களில் அம்மா சமைக்கும் சாபுதானா எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இங்கு வந்த பிறகே, அதுதான் நம் சேலத்து ஜவ்வரிசி என்று தெரிந்துகொண்டார். நவராத்திரிக்கு முன்னால் வடக்கே ஜவ்வரிசி கேட்பு கூடுவதன் காரணமும் அந்த விரதங்களே.

தீபாவளி அல்ல, சட்

வேலையாட்கள் தீபாவளி முடிந்ததும் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்பது பல உறுப்பினர்களின் குறை. காரணம் கேட்டோம். அவர்களுக்குப் பெரிய பண்டிகை தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை. நான்கு நாள் விரதம். வீட்டில் பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள். அதில் சுமார் ஒன்றரை நாள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆற்றிலோ குளத்திலோ நின்று, மாலையில் மறையும் சூரியனுக்கும் மறுநாள் காலையில் உதிக்கும் சூரியனுக்கும் மூங்கில் முறத்தில் கரும்பும் தேங்காயும் வாழைப்பழமும், கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்த்துச் செய்த தேகுவாவும் படைப்பார்கள். புரோகிதர் அவசியமில்லை.

சூரியன், கரும்பு, வெல்லம் என்றால் நமக்குப் புரியாததா? நாம் பொங்கல் வைக்கும் அதே சங்கராந்தி நாளில் அவர்கள் அவலும் தயிரும், கயாவின் எள் மிட்டாயான தில்குட்டும் சாப்பிடுகிறார்கள். அம்மா விரதம் இருக்கும் நாளில் மகன் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார்.

மளிகையில் தீபாவளிக்குப் பிந்திய வாரம் வியாபாரம் மந்தமான வாரம். முன்கூட்டிப் பேசி விடுப்புக் கொடுத்தால் நமக்கு நஷ்டம் அதிகமில்லை. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்தான் தொடங்குகிறது. அந்த நாளில் நாமே டிக்கெட்டுக்கு உதவினால், திரும்பி வரும் தேதியையும் சேர்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

வதந்தி வந்த வாரம்

2023 மார்ச் மாதத் தொடக்கத்தை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை உண்மையல்ல என்று நம் காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தது. அதற்குள் எத்தனையோ பேர் ரயில் ஏறிவிட்டார்கள்.

நம் இளைஞருக்கும் வீட்டிலிருந்து நாளுக்குப் பத்து முறை போன். அவர் முதலாளி செல்போனை வாங்கி, இளைஞரே மொழிபெயர்க்க, தந்தையிடம் பேசினாராம். "உங்கள் பையன் நம் பொறுப்பு" என்றாராம். மாதேபுராவையும் கோசியையும் பற்றி முன்பே கேட்டு வைத்திருந்த முதலாளி, வயலில் மணலை அப்புறப்படுத்தியாகிவிட்டதா என்றும் விசாரித்தாராம். மகனின் ஊர் தெரிந்த மனிதர் என்றதும் தந்தையின் பயம் தெளிந்தது. அந்தக் கடையிலிருந்து அந்த வாரம் யாரும் போகவில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கேட்பதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டாம். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் போதும். ஊர் எது, வீட்டில் என்ன மொழி, என்ன விளைகிறது, எந்த மாதம் மழை, எது பெரிய பண்டிகை, வீட்டில் என்ன எண்ணெயில் சமைப்பார்கள் என்று தொடங்கலாம். சாதியைக் கேட்க வேண்டாம். மற்றவர் எதிரில் சம்பளம், கடன் பற்றிப் பேச வேண்டாம். அவர் சம்மதத்துடன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. கடுகு எண்ணெய், கெட்டி அவல், வறுத்த கடலையை அரைத்த சத்து மாவு ஆகியவற்றை அவர்கள் தேடி அலைகிறார்கள். கோடையில் சத்து மாவை நீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிப்பது அங்கே வழக்கம். வெளிமாநிலத் தொழிலாளர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் கடை வைத்திருப்பவர்கள் இவற்றைச் சிறு அளவில் வாங்கி வைத்துப் பார்க்கலாம்.

ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல மாநிலத்தவர் நம் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். உறுப்பினர்கள் தங்கள் கடைத் தொழிலாளி ஒருவரிடம் கேட்டறிந்ததை, அவர் அனுமதி பெற்று, ஒரு பக்க அளவில் எழுதி அனுப்பினால் வரும் இதழ்களில் வெளியிடுவோம்.