எரிக்க ஒரு தாள், வைக்க ஒரு கொப்பி

எங்கள் வீடுகளில் டயறி என்றால் பெரும்பாலும் கணக்குத்தான். வங்கியோ கடையோ வருடப்பிறப்புக்குத் தந்த டயறியில் பால் காசு, சீட்டுக் காசு, கோயில் உபயம், பிள்ளைகளின் நட்சத்திரம் என்று எழுதி வைத்தவர்கள் எங்கள் தகப்பன்மார். சமயத்தோடு சேர்ந்த எழுத்துக்கு இன்னொரு கொப்பி இருந்தது. அதில் பக்கம் பக்கமாக ‘ஓம் நமசிவாய’ என்றோ ‘ஓம் சரவணபவ’ என்றோ எழுதுவார்கள். ஆனால் இன்று யாரோடு ஏன் கோபித்தோம், எதை நினைத்து இரவு நித்திரை வரவில்லை, யாருக்குச் செய்த பிழை இன்னும் உள்ளே கிடந்து குத்துகிறது என்பதை எழுதும் பழக்கம் எம்மிடம் குறைவு.

இப்போது அமெரிக்காவில் எங்கு போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்கிறார்கள். மனநல ஆலோசகர் எழுதச் சொல்கிறார். யோகா வகுப்பிலும் எழுதச் சொல்கிறார்கள். ‘இது வெள்ளைக்காரரின் பழக்கம், எங்களுக்கு எதற்கு’ என்று எங்கள் பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இதன் கதையைத் தேடிப்போனால், எம்மவர் பெருமளவில் வாழும் நியூ ஜேர்சி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களிலும் அதற்கு வேர் இருக்கிறது. அந்த வேர்களில் ஒன்று நேரே யாழ்ப்பாணத்துக்குப் போகிறது.

நியூ ஜேர்சி: மனச்சாட்சிக்கு எழுதிய கணக்கு

ஜோன் வூல்மன் 1720இல் நியூ ஜேர்சியின் பேர்லிங்டன் பகுதியில் பிறந்தவர். தையல் வேலை செய்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினர் பூசகர் இல்லாமல், பெரும்பாலும் பேச்சும் இல்லாமல், ஒன்றாக அமர்ந்து மௌனமாக வழிபடுவார்கள். அந்த மௌனத்தில் உள்ளே கேட்டதை வீட்டுக்குப் போய் எழுதி வைப்பது அவர்களிடையே பழைய வழக்கம்.

வூல்மன் இளவயதில் மவுண்ட் ஹொலி என்ற ஊரில் ஒரு கடையில் எழுத்து வேலை பார்த்தார். ஒருநாள் முதலாளி தம்மிடம் இருந்த கறுப்பின அடிமைப் பெண் ஒருவரை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதச் சொன்னார். வூல்மன் எழுதிக் கொடுத்தார். ஆனால் மனம் ஒப்பவில்லை. அடிமை வைத்திருப்பது தம் சமயத்துக்குப் பொருந்தாது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொன்னார். பின்னர் இன்னொருவர் அதேபோன்ற சீட்டை எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

1756 அளவில், 36ஆவது வயதில், தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியபோது இந்தச் சம்பவத்தையும் எழுதினார். தாம் மறுத்ததை மட்டும் எழுதியிருந்தால் அது புகழ்ச்சியாக இருந்திருக்கும். முதலில் எழுதிக் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதினார். பிறகு வாழ்நாள் முழுவதும் குவேக்கர் வீடுகளுக்குப் பயணம் போய், அடிமைகளை விடுவிக்கும்படி பொறுமையாகப் பேசினார். 1772இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் பெரியம்மையால் இறந்தார். 1774இல் நாட்குறிப்பு நூலாக வந்தது. 1776இல் பிலடெல்பியா குவேக்கர் சபை தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

பக்தி எழுத்து என்றால் நல்ல வசனங்களை அழகாக எழுதுவது என்று பலர் நினைக்கிறோம். வூல்மன் செய்தது வேறு. ‘நான் இதைச் செய்தேன்’ என்பதைத் தாளில் வைத்து, அதைத் தானே பார்த்தார். சைவ சித்தாந்தம் ஆணவத்தை இருளுக்கு ஒப்பிடும். தன்னை மறைப்பதையே அது அறியவிடாது என்பார்கள். எழுதிய தாளைத் திரும்ப வாசிக்கும்போது அந்த இருளில் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது.

உடுவிலுக்கு வந்த பழக்கம்

இதே அமெரிக்கப் பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊருக்கும் வந்தது. 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச் ஊரைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1819இல் கப்பலேறி வந்தார். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் அவர். 1833இல் உடுவிலிலேயே இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்துக் கணவர் மைரன் வின்ஸ்லோ 1835இல் ஒரு நூலாக்கினார். பின்னர் 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தந்தவரும் இந்த வின்ஸ்லோதான்.

அவர்களின் மதமாற்ற நோக்கம் பற்றி எமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே அந்த விவாதம் இருக்கிறது. ஆனால் சொந்த மண்ணை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த ஒரு பெண், மொழி தெரியாத ஊரில் ஒவ்வொரு நாளும் தன் மனதை எழுதித் தன்னை நிலைநிறுத்திக்கொண்டார் என்பதை எங்களைவிட யார் நன்றாக விளங்கிக்கொள்ள முடியும்?

கொழும்புத்துறையிலிருந்து கலிபோர்னியாவுக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்தும் ஒரு பழக்கம் அமெரிக்காவுக்கு வந்தது. கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்த யோகர் சுவாமிகளை அறியாதவர் எம்மில் குறைவு. அவர் பாடியவற்றையும் சொன்னவற்றையும் பக்கத்தில் இருந்த அடியார்கள் எழுதி வைத்ததால்தான் ‘நற்சிந்தனை’ இன்று எங்கள் கையில் இருக்கிறது. 1935இல் ‘சிவதொண்டன்’ இதழும் தொடங்கியது.

1949இல் அவரைத் தேடி வந்த ஓர் அமெரிக்க இளைஞர் 1927இல் வளைகுடாப் பகுதியின் ஓக்லண்டில் பிறந்தவர். யோகர் சுவாமிகள் அவருக்குச் சுப்பிரமுனிய என்று பெயரிட்டார். 1957இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் ஒரு முருகன் கோயிலை அமைத்தார். கொன்கோர்ட் சிவமுருகன் கோயில் தன் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1970இல் அவர் ஹவாயின் கவாய் தீவுக்குப் போய் ஆதீனம் அமைத்தார். 2001 நவம்பரில் சமாதியடைந்தார்.

சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் தம் சீடர்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று ‘வாசனா தகன தந்திரம்’. வாசனை என்பது பழைய அனுபவங்கள் மனதில் விட்டுச் செல்லும் பதிவு. தகனம் என்பது எரிப்பது. மனதை அலைக்கும் சம்பவத்தை உள்ளது உள்ளபடி தாளில் எழுதி, பிறகு அந்தத் தாளை எரித்துவிட வேண்டும். இதன் பெரிய வடிவத்தில், வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பத்துப் பக்கம் எழுத வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கு அது ஐந்நூறு பக்கம். எல்லாம் நெருப்புக்குத்தான்.

நோக்கம் சம்பவத்தை மறப்பதல்ல. சம்பவம் நினைவில் இருக்கும். அதோடு ஒட்டியிருக்கும் சூடுதான் போக வேண்டும்.

டெக்சாஸ்: அளந்து பார்த்தவர்கள்

சமயம் சொன்னதை விஞ்ஞானம் அளந்து பார்த்தது டெக்சாஸில். டலஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தம் மாணவி சாண்ட்ரா பீலோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்து 1986இல் வெளியிட்டார். மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விடயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதினார்கள்.

முடிவு இரண்டு பக்கமும் உள்ளது. துயரத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு பல நாடுகளில் இதேபோன்ற ஆய்வுகள் நடந்தன. பயன் எல்லோருக்கும் ஒரேயளவு இல்லை, பெரிய அற்புதமும் இல்லை என்று தெரிந்தது. பென்னிபேக்கரே சொல்லும் ஒரு விதி எமக்கு முக்கியம்: ஒரு விடயத்தை எழுதினால் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம்.

சித்திரவதைக்கு உள்ளானவர்கள், கண்முன்னே பிள்ளையை இழந்தவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். ‘எழுதுங்கோ, எல்லாம் சரியாகும்’ என்று அவர்களிடம் சொல்வது அறியாமை. அவர்கள் தொடங்குவதானால் பக்கத்தில் ஒரு மருத்துவரோ ஆலோசகரோ இருக்க வேண்டும். தொடங்காமல் விட்டாலும் அது பலவீனமல்ல.

எரிப்பது பற்றி எமக்கு உள்ள தயக்கம்

எழுதியதை எரிக்கச் சொன்னால் எங்கள் நெஞ்சு ஒருகணம் நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதற்குப் பிறகு வந்த வருடங்களில், சோதனைக்குப் பயந்து சொந்தக் கடிதங்களையும் படங்களையும் அடுப்பில் போட்ட வீடுகள் எத்தனை. அப்படி எரித்தவர்களுக்குச் சூடு தணியவில்லை. பயம் எரித்தது வேறு, மனம் ஒப்பி எரிப்பது வேறு.

எங்கள் சமயக் கதைகளில் இரண்டு வகை ஏடும் இருக்கின்றன. மதுரையில் சம்பந்தர் நெருப்பில் இட்ட ஏடு எரியாமல் பச்சையாக நின்றது என்று பெரியபுராணம் சொல்லும். தில்லையில் பூட்டிக் கிடந்த திருமுறை ஏடுகளில் பலவற்றைச் செல் அரித்துவிட்டது என்பது இன்னொரு கதை. காக்க வேண்டியதை எழுதி, காப்பாற்றாமல் விட்டால் செல் தின்னும்.

ஆகவே எங்கள் குடும்பங்களுக்கு ஒரு கொப்பி போதாது. இரண்டு வேண்டும். ஒன்றில் நடந்தது நிற்க வேண்டும். மற்றதில் அதன் சூடு எரிய வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கில் வெளிக்கிட்ட இடப்பெயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்தப் பாதை, யார் யார் சேர்ந்து நடந்தது, யார் வழியில் தவறியது, எங்கே தங்கியது, யார் சோறு தந்தது என்பதெல்லாம் வைக்கும் கொப்பிக்கு உரியவை. அவை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பேரப்பிள்ளைகளுக்கும், ஒருநாள் நீதி கேட்கப் போகிறவர்களுக்கும் உரியவை. அவற்றை எரிக்க எமக்கு உரிமை இல்லை. ஆனால் அன்று எங்களை ஏற்றாமல் போன உறவினர் மீது இன்றுவரை உள்ள கோபம், அம்மாவைத் தனியே விட்டு வந்தோம் என்ற குற்ற உணர்வு, பிறகு காசு விடயத்தில் அண்ணனோடு வந்த மனத்தாங்கல் ஆகியவை எரிக்கும் தாளுக்கு உரியவை. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் எழுதாவிட்டால், சொல்லாமலே கொடுத்துவிடுவோம். வீட்டில் காரணம் தெரியாத கோபமாக அது பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

தொடங்குவது எப்படி

விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு, சாமியறையிலேயே 15 நிமிடம் இருங்கள். தொலைபேசி வெளியே இருக்கட்டும். தேவாரம் ஒன்றைப் பாடி முடித்த அமைதியில் எழுதத் தொடங்குவது சுலபம். கிறிஸ்தவ வீடுகளில் இரவுச் செபத்துக்குப் பிறகு இருக்கலாம்.

எரிக்கும் எழுத்துக்குத் தனித் தாள்கள் எடுங்கள். கொப்பியில் எழுதினால் கிழிக்க மனம் வராது. எழுத்துப் பிழை, இலக்கணம் பார்க்காதீர்கள். யாரும் வாசிக்கப் போவதில்லை. ‘அவர் அப்படிச் செய்தார்’ என்று தொடங்குவது இயல்பு. முடிக்க முன் ‘நான் என்ன செய்தேன்’ என்று ஒரு வரியாவது எழுதுங்கள். வூல்மனின் பாடம் அதுதான். எழுதிய அன்றே அழித்துவிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் புகை அலாரம் அடிக்கும். கலிபோர்னியாவில் வறட்சிக் காலத்தில் வெளியே நெருப்பு வைப்பது ஆபத்து. அப்படியான இடத்தில் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தாலும் போதும்.

வைக்கும் கொப்பிக்கு நல்ல தடித்த கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போடுங்கள். ஊர், ஒழுங்கை, கோயில், உறவுமுறை ஆகியவற்றை முழுப்பெயரோடு எழுதுங்கள். ‘எங்கட வளவு’ என்றால் உங்களுக்கு விளங்கும், நியூ ஜேர்சியில் பிறந்த பேத்திக்கு விளங்காது. கை நடுங்கும் அம்மம்மாவுக்கு ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்து எழுதலாம். தமிழ் எழுத வராத பிள்ளை கேட்டு ஆங்கிலத்தில் எழுதட்டும். மாணிக்கவாசகர் சொல்லச் சிவன் எழுதியதாகத்தான் திருவாசகத்தின் கதை. சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்பது எமக்குப் புதிதல்ல.

மற்றவரின் தாளை வாசிக்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக வையுங்கள். கணவன் மனைவிக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை மீறினால் பிறகு அந்த வீட்டில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

தினமும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை மட்டும் எழுதுங்கள். வருடம் ஐம்பது பக்கம் சேரும். எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு போகும் ஊர்களின் பெயர்களை இனி யாரிடமும் கேட்க முடியாது. இந்த வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கள்.