எவ்வளவு தூரம் பார்ப்பது, எவ்வளவு நன்றாகப் பார்ப்பது

1998 ஜூலையில், இத்தாலியின் இஸ்கியா தீவில், விஸ்வநாதன் ஆனந்த் 'ரெபெல் 10' என்ற செஸ் நிரலுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் நிரல் 3–1 என வென்றது. கால்மணி நேர ஆட்டங்களிலும் அதன் கையே ஓங்கியது. சென்னை ஆழ்வார்பேட்டை சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப்பில் மின்னல் வேகத்தில் காய் நகர்த்தி வளர்ந்தவருக்கே இந்த நிலை! ஆனால் நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற நீண்ட ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½–½ என வென்றார்.

நேரம் கூடினால் நிரலும் கூடுதலாக யோசிக்குமே? யோசிக்கும், ஆனால் பலன் மெதுவாகத்தான் ஏறும். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம். இருவரும் இரண்டிரண்டு முறை நகர்த்தினாலே 15 லட்சம் முடிவுகள். இங்கே கைகொடுப்பது 'ஆல்பா-பீட்டா' முறை. ஒரு நகர்த்தலை முறியடிக்க எதிராளியிடம் ஒரு பதில் இருப்பது தெரிந்துவிட்டால், மற்ற பதில்களைப் பார்க்காமலே அந்த நகர்த்தலைக் கழித்துவிடலாம். நல்ல நகர்த்தல்களையே முதலில் பார்த்துவிட்டால், அந்த 15 லட்சம் 2,449 ஆகச் சுருங்கும்.

எவ்வளவு தூரம் போனாலும் ஓரிடத்தில் நின்று, 'இந்த நிலை யாருக்குச் சாதகம்?' என்று மதிப்பிட்டாக வேண்டும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று கூட்டுவது நொடியில் முடியும். ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு என ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க மதிப்பீடு கூர்மையாகும், தேடும் ஆழம் குறையும். சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர் கடலில் இறங்குமுன் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போய்விடும். பார்க்காமல் கிளம்பினால் டீசல் போய்விடும். நிரல் எழுதுபவரின் திண்டாட்டமும் இதுவே.

1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. 2017இல் வந்த ஆல்பாசீரோ நிரல் நொடிக்கு வெறும் 80,000 நிலைகளைத்தான் பார்த்தது. எதிரே 7 கோடி நிலைகளைப் பார்த்த ஸ்டாக்ஃபிஷ் நிரல். நூறு ஆட்டங்களில் ஆல்பாசீரோ 28 வென்றது, 72 டிரா, தோல்வியே இல்லை. அது தனிச்சிறப்பான சில்லுகளில் ஓடியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாதாரணக் கணினியிலும் இப்படி நன்றாக மதிப்பிடுவதற்கான வழியை ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018இல் கண்டார். அதை 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது. மதிப்பிடுவது ஒரு சிறு நரம்பியல் வலைப்பின்னல். ஒரு நகர்த்தலில் ஓரிரு காய்கள்தானே இடம் மாறுகின்றன? அதனால் பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் கூட்டிக் கழிக்கிறது. அப்படியும் முன்பைவிடக் குறைவான நிலைகளைத்தான் பார்க்க முடிந்தது. ஆட்டமோ வெகுவாக மேம்பட்டது. காய்களின் இடத்தையெல்லாம் ராஜாவை வைத்தே குறிப்பதால், ராஜா நகர்ந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.