கடிகாரம் சிரிக்கும் நேரம்!

குட்டீஸ்! கைக்கடிகார விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். மணி என்ன? அநேகமாகப் பத்து மணி பத்து நிமிடமாகத்தான் இருக்கும்!

'ஆபிரகாம் லிங்கன் இறந்த நேரம் அது' என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். லிங்கன் இறந்தது 1865 ஏப்ரல் 15, காலை 7.22 மணிக்கு!

உண்மையான காரணம், படம் எடுக்கும் கலைஞர்களின் ரசனைதான். பெரும்பாலான கடிகாரங்களில் நிறுவனத்தின் பெயர் 12க்குக் கீழே இருக்கும். 10.10 மணிக்கு முட்கள் அதை மறைக்காமல், இரு கைகளைப் போல விரிந்து நிற்கும். பார்த்தால் சிரித்த முகம் போலவும் தோன்றும். பழைய விளம்பரங்கள் பலவற்றில் மணி 8.20. அதில் முட்கள் கீழே தொங்குவதால் முகம் வாடியது போல இருக்கும்!

கடிகாரத்தைப் படம் எடுப்பது சுலபமல்ல. அதன் கண்ணாடியில் விளக்கும் கேமராவும் பிரதிபலிக்கும். அதனால் வெள்ளைத் துணி, காகிதம் வழியாக வெளிச்சத்தை மென்மையாக்குவார்கள். சின்னத் தூசிகூடப் படத்தில் பெரிதாகத் தெரியும் என்பதால், பலமுறை துடைப்பார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாமே! அப்பா, அம்மாவிடம் கேட்டு, முள் கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரம், வெள்ளைக் காகிதத்தின்மேல் வையுங்கள். 10.10க்கு ஒரு படம், 8.20க்கு ஒரு படம் எடுங்கள். காரணத்தைச் சொல்லாமல் நண்பர்களிடம் காட்டி, எது பிடிக்கிறது என்று கேளுங்கள்.

முடிந்ததும் சரியான நேரத்தைத் திருப்பி வைக்க மறந்துவிடாதீர்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிடும்!