தேங்காய் எண்ணெயும் ஒரு டியூப் களிம்பும்

"ஏனுங்க, முன்தோல் இறுக்கத்துக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க" என்று வெள்ளகோவில் கடைவீதியில் சத்தமாகக் கேட்கிற ஆண் கிடையாது. கூட்டம் கலையும்வரை நின்று, தாழ்ந்த குரலில் "அரிப்புக்கு" என்பார். படர்தாமரைக்கு விற்கிற டியூப் ஒன்று கைக்கு வரும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பலருக்கும் இந்தக் கவலையே பிறக்கிறது.

ஸ்டீராய்டு களிம்பு இதற்கு உண்மையான மருந்துதான். பீட்டாமெத்தசோன், 0.05 முதல் 0.1 சதவீதம், இறுகிய வளையத்தின் மேல் மெல்லிசாக, பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம். கூடவே வலிக்காத அளவுக்குத் தோலை இழுத்துப் பழக்குவது. பலருக்குக் கத்தியே தேவைப்படாது.

ஆனால் இறுக்கம் ஏன் வந்தது என்று ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். சிறுவயது முதலே இருப்பது வேறு. நன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த தோல் 40 வயதில் வெடித்து இறுகுவது வேறு. அப்போது முதலில் சர்க்கரையைப் பார்க்கவேண்டும். சர்க்கரையோடு வருகிற பூஞ்சைத் தொற்றின் மேல் ஸ்டீராய்டை மட்டும் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை தழைக்கும். தோல் வெளுத்துத் தழும்பாகிற லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கு இன்னும் வீரியமான களிம்பும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். அதை விட்டுவைத்தால் புற்றுநோய் அபாயமும் உண்டு.

களிம்பு போடுகிற வாரங்களில் உறவு கூடாதா? வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும்வரை வேண்டாம். அந்த வெடிப்பு பால்வினைத் தொற்றுக்குத் திறந்த வாசல். புண் இல்லையென்றால், பூசிய களிம்போடு உறவுக்குப் போகாமல், உறவு முடிந்து கழுவித் துடைத்தபின் பூசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மருந்து மனைவியின் மெல்லிய தோலுக்கும் போகும். அவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.

ஆணுறை விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. களிம்பில் இருக்கிற பாரஃபினும் எண்ணெய்ப் பசையும் லேடெக்ஸ் ரப்பரை நலிவாக்கும், கிழியலாம். தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்துக்காரரிடம் அதைத் தொடாதே என்பது கொஞ்சம் அநியாயம்தான்! ஆனால் அதுவும் லேடெக்ஸுக்கு ஆகாது. நீரில் கரையும் ஜெல்தான் சரி.

இழுத்த தோல் திரும்பாமல் மாட்டி, மொட்டு வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு உடனே அவசர சிகிச்சை வேண்டும்.

இனி கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற அந்த டியூப் விஷயம். 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சில் அட்டவணை எச்-இல் சேர்த்தது. அந்த அட்டவணை மருந்தைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் தடையான 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்புகளும் அடக்கம். விதிமீறலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சொல்லலாம். நட்டம் நேர்ந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. எதற்கும் பில் வேண்டும். நாம்தான் அதை வாங்குவதே இல்லையே. லாட்ஜில் அறை போட்டு 'ஆண்மை' விளம்பரம் செய்கிறவர்களையும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

தொற்றுப் பயம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவைச் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடுக்கிறது. மற்றபடி திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவரிடம் "தோல் டாக்டரைப் பார்க்கணுமுங்க" என்றால் போதும். எந்த இடத்துத் தோல் என்று அவர் கேட்கப்போவதில்லை.