எத்தனை ஓம்ஸ்?

தேவிகுளம், பீர்மேடு வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிறு ஆராதனைக்குக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் போய்விட்டால், மாற்று வாங்க போடிக்கோ கம்பத்துக்கோ மலையிறங்க வேண்டும். பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை சித்தூர்ப் பக்கம் என்றால் பொள்ளாச்சி அல்லது கோவை. கடையில் முதல் கேள்வி, “எத்தனை வாட்ஸ்?” அடுத்தது, “பத்து இஞ்சா, பன்னிரண்டா?” அத்தோடு பேரம் தொடங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் பிழைக்குமா புகையுமா என்று தீர்மானிக்கிற எண்ணை மட்டும் இரண்டு பேரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த எண் ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின்மறுப்பு.

மலையில் ஸ்பீக்கர் சாவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் கோன் காகிதக் கூழால் ஆனது. தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் ஊறவைத்தால் கோன் தளரும், பூஞ்சை பிடிக்கும். காயில் நடுவிலிருந்து விலகி காந்தத்தில் உரசும். கரகரவென்று சத்தம் வரும்; ஒரு நாள் அதுவும் நிற்கும். அப்போது கைக்குச் சுலபமாகக் கிடைப்பது கார் ஸ்பீக்கர். விலை குறைவு, எந்த ஊரிலும் உண்டு. ஆனால் அது 4 ஓம்ஸ். 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு போதிய சத்தம் எடுக்க வேண்டும் என்பதற்காகவே அதன் மின்மறுப்பைக் குறைத்துச் செய்கிறார்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். முழுச் சத்தத்தில் அதன் வாயில் சுமார் 18 வோல்ட் வரும். ஸ்பீக்கர் வழியே 2.2 ஆம்பியர் ஓடும். அதே இடத்தில் 4 ஓம்ஸ் மாட்டினால் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு, ஏறத்தாழ 4.5 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குத் தயாரானவை அல்ல. முதல் இரண்டு பாட்டுக்குச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். வாங்கியவர் மகிழ்வார். மூன்றாவது பாட்டில் ஹீட் சிங்க் தொட முடியாமல் கொதிக்கும்.

எதிர்த்திசையில் ஆபத்து இல்லை. 8 கேட்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் 16 ஓம்ஸ் மாட்டினால் 40 வாட்ஸ் 20 ஆகும், அவ்வளவுதான். பாதி என்றதும் பதற வேண்டாம். வாட்ஸ் பாதியானால் குறைவது 3 டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற வாட்ஸ் பத்தில் ஒரு பங்காக வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் இதைவிடப் பெரிய விஷயம்: ஒரே வாட்ஸில் 97 டெசிபல் தருவதும் 100 டெசிபல் தருவதும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் விற்கின்றன. இரண்டாவதை வாங்கினால் இழந்த 3 டெசிபல் திரும்பக் கிடைத்துவிடும். வாட்ஸைப் பற்றி இவ்வளவு பேசும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே சொன்னதை நம்பி இறங்கிவிடக் கூடாது. அங்கே கணக்கு வேறு. வால்வுக்குத் தேவை பல ஆயிரம் ஓம்ஸ் சுமை; ஸ்பீக்கரோ வெறும் 8. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நின்று 8-ஐ 8,000-ஆகக் காட்டுகிறது. 16 மாட்டினால் வால்வின் கண்ணுக்கு அது 16,000. 4 மாட்டினால் 4,000. சுமை குறைந்தால் வால்வு சீக்கிரம் தேயும். சுமை கூடினால் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும். ஒரு படி வித்தியாசத்தைப் பல ஆம்ப்ளிஃபயர்கள் தாங்கிக்கொள்ளும், வழக்கமாக்கத்தான் கூடாது. ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் பொறி பறந்து இன்சுலேஷன் வெந்துவிடும். டிரான்சிஸ்டரில் ஸ்பீக்கர் கழன்றால் ஒன்றும் ஆகாது. வால்வில் கழன்றால் சில நிமிடங்களே போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்தால் கூட்டல்; ஒரே ஓம்ஸ் உள்ளவற்றை இணையாக இணைத்தால் வகுத்தல். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இணையாக இருப்பதால் மொத்தம் 4. ஒன்று பழுதாகி, அதன் இடத்தில் 16 மாட்டினால் மொத்தம் 5.3 ஆவது மட்டும் அல்ல, பழைய ஸ்பீக்கர் புதியதைப் போல் இரண்டு மடங்கு வேலை செய்யும். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் நான்கு 16-களைத் தொடரும் இணையுமாகக் கட்டி மறுபடியும் 16-க்கே கொண்டுவந்திருப்பார்கள்.

கூம்பு ஒலிபெருக்கி, அதாவது குழாய், கட்டுகிற சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த பாடம். ஹார்ன் யூனிட்டுகள் பெரும்பாலும் 16 ஓம்ஸ். நான்கை இணையாகக் கட்டினால் 4. ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம்ஸ் முனையில் சரியாக உட்காரும். பிறகு விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, “அண்ணே, அந்த முக்குக்கும் ஒரு குழாய் கட்டிருங்க” என்பார். ஐந்தாவது ஏறினால் மொத்தம் 3.2. ஆம்ப்ளிஃபயர் எரிந்தால் கமிட்டி காசு தராது.

தேவிகுளத்து மலையின் அரசியலே குழாய் வழியாகக் கேட்டதுதான். 1957 தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தமிழ்த் தொழிலாளிகளிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். ரோசம்மா மறுபடி வென்றார். பாவலரின் தம்பி இளையராஜா பதினாலு வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்து, பின்னால் சென்னையில் கிட்டார் கலைஞராகத்தான் திரையிசைக்குள் நுழைந்தார். 1958-இன் மைக் செட்டுகள் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். குழாய் ஒயர் அறுந்தபின் சுவிட்சை அணைக்காமல் விடக் கூடாது என்பதை அன்றைய ஆபரேட்டர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல் தூரம். கோயிலில் ஆம்ப்ளிஃபயர், குழாய் இருநூறு மீட்டர் தள்ளி லயத்து முகப்பில். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர 400 மீட்டருக்கு சுமார் 7 ஓம்ஸ் தடை. முனையில் இரண்டு 16 ஓம்ஸ் யூனிட் இணையாக, மொத்தம் 8 ஓம்ஸ். ஆக, அனுப்பும் சக்தியில் கிட்டத்தட்ட பாதி கம்பியைச் சூடாக்கவே போகிறது. 1940 முதல் இருக்கும் அஹுஜா நிறுவனத்தின் பல ஆம்ப்ளிஃபயர்களில் 4, 8, 16 ஓம்ஸோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் இருப்பது இதற்காகத்தான். 100 வோல்ட் லைனில் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரோடு நிற்கும் 15 வாட்ஸ் குழாய் 667 ஓம்ஸாகத் தெரியும். அங்கே கம்பியின் 7 ஓம்ஸ் பொருட்டே இல்லை.

அதே முனையில் கிட்டார் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டிவிடாதீர்கள். 100 வோல்ட், 8 ஓம்ஸ்: 1,250 வாட்ஸ் கேட்கும். ஸ்பீக்கரா ஆம்ப்ளிஃபயரா, எது முந்துகிறது என்பதுதான் கேள்வி.

எனவே கடைக்குக் கிளம்பும் முன், ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க எழுத்தையும் பழைய ஸ்பீக்கரின் காந்தத்து ஸ்டிக்கரையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்து காயில் அறுந்து போகாமல் இருந்தால், ஒயரைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். 6-லிருந்து 7 காட்டினால் அது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். 3-க்குச் சற்று மேல் என்றால் 4. 12, 13 என்றால் 16. மீட்டர் காட்டுவது கம்பியின் தடையை மட்டும் என்பதால் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு, இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். எதிரெதிராக நகர்ந்தால் அடித்தொனி காணாமல் போகும். இத்தனைக்கும் பிறகு கடைக்காரர், “ஓம்ஸா? எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.